குண்டறையில் தோட்டா இருக்கலாமா? பேராக்கிலிருந்து ஒரு பார்வை

ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கியில், எடுத்த வேகத்தில் சுடும்படி ஒரு தோட்டாவைக் குண்டறையில் ஏற்றி வைக்கலாமா, கூடாதா? அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போரிடையே பல பத்தாண்டுகளாக ஓயாமல் நடக்கும் வாதம் இது. மலேசியத் தமிழருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி நம்மிடையே மிக மிக அரிது. ஆனாலும் ஈப்போவில் ஒரு நகைக்கடையோ வட்டிக்கடைக்காரர் வீடோ பாராங் கத்தியோடு வந்தவர்களிடம் பறிகொடுத்த மறுநாள், "நமக்கும் ஒரு பிஸ்டல் லைசென்ஸ் இருந்தால் இப்படி நடக்குமா?" என்ற பேச்சு எழத்தான் செய்கிறது. உயிர் பயத்தில் எழும் பேச்சு அது. அதைச் சிரித்து ஒதுக்காமல், முழுதாக எடை போட்டுப் பார்ப்பதுதான் முறை.

அப்படி எடை போடப் பேராக் பொருத்தமான இடம். மலாயாவின் பன்னிரண்டு ஆண்டு ஆயுதப் போராட்டத்தின் முதல் வெடிச்சத்தம் இங்கேதான் ஒரு ரப்பர் தோட்டத்தில் கேட்டது. துரைமார் இடுப்பில் பிஸ்டலோடு நடமாடியதும், பால்வெட்டுக்குப் போன நம் பாட்டன் பாட்டிமார் கையில் உளியும் வாளியும் தவிர எதுவும் இல்லாமல் அதே மரங்களுக்கு நடுவே நின்றதும் இங்கேதான். வரலாறு, கருவி, சட்டம் ஆகிய மூன்று பக்கமும் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்.

சுங்கை சிப்புட், 1948

1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில் தோட்டத்துக்குச் சைக்கிளில் மூன்று பேர் வந்தார்கள். அலுவலகத்தில் இருந்த நிர்வாகி ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றுவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள். சிறிது நேரத்தில் அதே வட்டாரத்தின் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளரான இளைஞர் இயன் கிறிஸ்டியனும் பிடிக்கப்பட்டு, கட்டிவைத்துச் சுடப்பட்டனர். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயா முழுதுக்கும் விரிந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

அதன்பிறகு தோட்டங்களின் முகமே மாறியது. பங்களாக்களைச் சுற்றி முள்கம்பி வேலி, சன்னல்களில் மணல்மூட்டை, வாசலில் சிறப்புக் காவலர் என்று வந்துவிட்டது. துரைமார் சாப்பாட்டு மேசைக்கும் பிஸ்டலோடு வந்து, இரவில் அதைத் தலையணைப் பக்கம் வைத்துப் படுத்தார்கள். தொழிலாளர் லயன்களுக்கும் வேலி போடப்பட்டது. ஊரடங்கும் அரிசிப் பங்கீடும் வந்தன. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் அடையாள அட்டையைப் பறித்தார்கள், பால்மரங்களை வெட்டிச் சிதைத்தார்கள், உணவும் காசும் கேட்டார்கள். அரசாங்கமோ தகவல் கேட்டது. இரண்டுக்கும் நடுவே, விடியும் முன் இருட்டில் மரம் மரமாகப் போன தொழிலாளிக்குத் துப்பாக்கியும் இல்லை, துணையும் இல்லை.

அந்தக் காலம் நம் கேள்விக்கு என்ன சொல்கிறது? தாக்க வந்தவர்கள் எப்போதும் நேரத்தையும் இடத்தையும் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். வாக்கர் தம் அலுவலகத்தில், வேலை நேரத்தில் கொல்லப்பட்டார். 1951 அக்டோபர் 6 அன்று, ஆயுதக் காவலோடு பிரேசர் மலைக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சாலை வளைவில் பதுங்கியிருந்தவர்களால் கொல்லப்பட்டார். 1975 நவம்பர் 13 அன்று ஈப்போ நகருக்குள்ளேயே, பேராக் மாநிலக் காவல் துறைத் தலைவர் டான்ஸ்ரீ கூ சோங் கோங் காரில் போகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் பள்ளி மாணவர்களைப் போல் உடுத்தியிருந்தார்கள். மாநிலத்தின் அத்தனை ஆயுதங்களுக்கும் பொறுப்பான மனிதருக்கே அந்த நொடியில் அவகாசம் கிடைக்கவில்லை.

எதிர்த்து நின்று பிழைத்த தோட்டங்களும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. இரவுத் தாக்குதலைப் பங்களாவுக்குள் இருந்தபடி மணிக்கணக்கில் தடுத்து நிறுத்திய நிர்வாகிகள் இருந்தார்கள். ஆனால் அவர்களைக் காப்பாற்றியவை வேலியும் மணல்மூட்டையும் ஸ்டென் துப்பாக்கியும் பக்கத்தில் நின்ற காவலர்களும்தாம். இடுப்புப் பிஸ்டல் அந்த ஏற்பாட்டின் கடைசித் துண்டு. அதை மட்டும் தனியே பிரித்தெடுத்து, "துப்பாக்கி இருந்தால் பிழைக்கலாம்" என்று பாடம் படிப்பது பாதி வரலாறுதான்.

கணபதியின் ரிவால்வர்

அதே அவசரகாலத்தின் இன்னொரு கைத்துப்பாக்கிக் கதையைத் தமிழர் மறக்க முடியாது. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறுவயதில் மலாயா வந்து, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றி, பின்னர் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர் எஸ்.ஏ. கணபதி. 1948 ஜூனில் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச் 1 அன்று ரவாங் அருகே அவர் பிடிபட்டார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். வழியில் கிடைத்ததைக் காவல் துறையிடம் ஒப்படைக்கப் போனதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு முயன்றும் பலனில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அன்றைய அவசரகால விதிப்படி உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றம். தோட்டா குண்டறையில் இருந்ததா, சட்டைப் பையில் இருந்ததா என்று பார்க்க வேண்டிய தேவையே அந்த விதிக்கு இல்லை. ஒரு தோட்டத்தில் துரையின் இடுப்பில் இருந்த பிஸ்டல் தற்காப்பு. தொழிலாளர் தலைவனின் மடியில் இருந்தால் தூக்குக்கயிறு. யார் கையில், எந்த உரிமத்தோடு என்பதுதான் உயிரையும் சாவையும் பிரித்தது.

சுதந்திர மலேசியாவும் அந்தக் கடுமையைத் தொடர்ந்தது. 1960ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை கட்டாயமாக இருந்தது; அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. 1977இல் பினாங்கில் துப்பாக்கியோடு பிடிபட்ட 14 வயதுச் சிறுவனுக்குக்கூட அந்தத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னரே குறைக்கப்பட்டது. கைத்துப்பாக்கி பற்றி மலேசியர் யோசிக்கும் எதுவும் இந்தப் பின்னணியிலிருந்துதான் தொடங்க முடியும்.

கருவி எப்படி இயங்குகிறது?

பிஸ்டலின் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் தோட்டாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். மேலே உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால், முதல் தோட்டா மேலேறிக் குழலின் அடியில் உள்ள குண்டறைக்குள் நுழையும். அதன்பிறகு விசையை அழுத்தினால் வெடிக்கும். மேகசின் நிறைந்திருந்தும் குண்டறை காலியாக இருந்தால், விசையை எத்தனை முறை அழுத்தினாலும் வெடிக்காது. ஸ்லைடை இழுத்தாக வேண்டும். சாதாரணமாக அதற்கு இரண்டு கையும் வேண்டும். ரிவால்வரில் இந்த ஏற்பாடு இல்லை. சுழலும் உருளையில் ஐந்தோ ஆறோ அறைகள் இருக்கும். எல்லாவற்றையும் நிரப்பினால் அது எப்போதும் தயார்தான்.

காலியாக வைத்திருக்கும் பழக்கத்துக்கு ஆசியாவிலேயே ஒரு பழைய முன்னோடி உண்டு. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், கொலைகளும் ஆள்கடத்தல்களும் மலிந்திருந்த ஷாங்காய் நகராட்சிக் காவல் துறையில் பணியாற்றிய டபிள்யூ.ஈ. பேர்பேர்னும் ஈ.ஏ. சைக்ஸும், கோல்ட் பிஸ்டலின் பாதுகாப்புப் பூட்டை இயங்காதபடி செய்துவிட்டு, குண்டறையைக் காலியாக வைத்து, உருவும்போதே ஸ்லைடை இழுக்கும்படி காவலர்களைப் பழக்கினார்கள். பதற்றத்தில் பூட்டைத் தேடித் தடுமாறுவதைவிட எப்போதும் ஒரே அசைவைச் செய்வது மேல் என்பது அவர்கள் கண்ட அனுபவம். 1942இல் வெளியான அவர்களுடைய நூலில் இந்த முறை விளக்கப்பட்டுள்ளது. இஸ்ரேலிலும் இதே முறை வேரூன்றியது. தொடக்க காலத்தில் பல நாட்டுத் துப்பாக்கிகள் கலந்து கிடந்ததால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பாதுகாப்பு முறை தேவைப்பட்டது.

அவர்களுடைய அச்சம் நியாயமானது. அன்றைய துப்பாக்கிகள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடியவை. 1944இல் அமெரிக்கக் கப்பற்படையில் ரிவால்வர் ஒன்று கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்த பிறகுதான், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் சுத்தியைத் தடுக்கும் பகுதியை மாற்றியமைத்தது. அதற்கு முந்தைய தலைமுறையினர் ஆறறை ரிவால்வரில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தி படும் அறையைக் காலியாக விட்டது இதே காரணத்தால்தான்.

பிறகு கருவிகள் மாறின. விசையை முழுதாக அழுத்தினாலொழிய ஊசி தோட்டாவைத் தொடாதபடி தடுக்கும் அமைப்பு பரவலானது. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் பிஸ்டலில் வெளியே தனிப் பூட்டு எதுவும் இல்லை. விசையிலேயே பாதுகாப்பு பொதிந்திருந்தது. குண்டறையில் தோட்டாவோடு எடுத்துச் செல்லவே அது வடிவமைக்கப்பட்டது. இன்று பல நாட்டுக் காவல் துறைகள் அப்படித்தான் எடுத்துச் செல்கின்றன. ஆனாலும் இயந்திரத்தின் மேல் முழு நம்பிக்கை வைக்க முடியாது. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று தெரியவந்து, 2017இல் அதன் உட்பாகங்களை மாற்றித்தர அந்நிறுவனம் முன்வந்தது.

"இருக்கட்டும்" என்போரின் வாதம்

குண்டறையில் தோட்டா வேண்டும் என்போரின் முதல் ஆயுதம் நேரம். அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவலர் டென்னிஸ் டியூலர் 1983இல் எழுதிய கட்டுரையில், 21 அடி தொலைவில் கத்தியோடு நிற்பவன் சுமார் ஒன்றரை வினாடியில் நம்மேல் பாய்ந்துவிடுவான் என்று காட்டினார். நன்கு பழகியவர் ஆடையை விலக்கித் துப்பாக்கியை உருவிச் சுடவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகும். ஸ்லைடை இழுக்க அரை வினாடி கூடினால் கணக்கு தப்பிவிடுகிறது. மலேசியக் கொள்ளைகளில் பாராங் மிகப் பழக்கமான ஆயுதம் என்பதால், இந்த வாதம் நமக்கு அந்நியமானது என்று தள்ள முடியாது.

இரண்டாவது வாதம் கை. நம் ஊர்களில் கொள்ளை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரவு கடை மூடி வீடு வந்த ஒருவர் கேட் திறக்கக் காத்திருக்கிறார். பின்னால் ஒரு கார் வந்து ஒட்டி நிற்கிறது. கதவு பிடுங்கித் திறக்கப்படும்போது அவருடைய இடக்கை சட்டையைப் பிடித்தவனைத் தள்ளிக்கொண்டிருக்கும்; அல்லது பின் இருக்கைக் குழந்தையை மறைத்துக்கொண்டிருக்கும். இருக்கைப் பட்டி இடுப்பை அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்லைடை இழுக்க இன்னொரு கை எங்கிருந்து வரும்? ஒற்றைக் கையால் பெல்ட்டிலோ காலணியிலோ உரசி இழுக்கும் முறையைப் பயிற்சியில் கற்றவர்கள்கூட நெருக்கடியில் தவறவிடுகிறார்கள். அரைகுறையாக இழுத்தால் தோட்டா பாதியில் சிக்கும். அதன்பிறகு கையில் இருப்பது வெறும் இரும்பு.

மூன்றாவது வாதம் நுணுக்கமானது, பலரும் கவனிக்காதது. தவறுதலாக வெடிக்கும் விபத்துகளில் பல, துப்பாக்கியைக் கையாளும்போது, அதாவது ஏற்றும்போதும் இறக்கும்போதும் துடைக்கும்போதும்தான் நடக்கின்றன. ஏற்றிய நிலையில், விசையை முழுதாக மூடும் உறைக்குள், தொடாமல் இருக்கும் துப்பாக்கி தானாக வெடிப்பது மிக அரிது. காலை ஏற்றுவதும் மாலை இறக்குவதுமாகத் தினமும் கையாண்டால் விபத்துக்கான வாய்ப்பும் தினமும் வரும்.

"வேண்டாம்" என்போரின் வாதம்

எதிர்த்தரப்பு முதலில் மனிதக் கையின் தவறைக் காட்டுகிறது. 2024 அக்டோபர் 1 விடியற்காலை, மும்பையில் பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இந்தி நடிகர் கோவிந்தா தம் உரிமம் பெற்ற ரிவால்வரை அலமாரியில் வைக்கும்போது அது கைதவறி விழுந்து வெடித்ததாக அவர் தரப்பு தெரிவித்தது. குண்டு முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. அவர் பிழைத்தார். 2025 ஜனவரியில் லூதியானாவில் பஞ்சாப் சட்டமன்ற உறுப்பினர் குர்பிரீத் கோகி தம் வீட்டில், தம் துப்பாக்கியின் குண்டுக்கே பலியானார். தற்செயலாக வெடித்தது என்று குடும்பத்தார் கூறினர். இருவரும் உரிமம் பெற்றவர்கள், வசதியானவர்கள், துப்பாக்கிக்குப் புதியவர்களும் அல்லர்.

அடுத்தது குழந்தைகள். 2014 டிசம்பர் 30 அன்று, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் ஹேடன் நகர வால்மார்ட்டில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையில் இருந்த பிஸ்டலை எடுத்து விசையை அழுத்தியது. தாய் அங்கேயே இறந்தார். குண்டறை காலியாக இருந்திருந்தால், ஸ்லைடை இழுக்கும் வலு அந்தப் பிஞ்சு விரல்களுக்கு இருந்திருக்காது. காலிக் குண்டறைக்கு ஆதரவாக இதைவிட வலுவான சான்று வேறு வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆயுதப் பறிப்பு. 2024 மே 17 அன்று ஜொகூரின் உலு திராம் காவல் நிலையத்தைத் தாக்கியவன், ஒரு காவலரை வெட்டிக் கொன்று அவருடைய ஆயுதத்தைப் பறித்து இன்னொரு காவலரைச் சுட்டுக் கொன்றான். பயிற்சி பெற்ற சீருடைக்காரரிடமே பறிக்க முடிந்தால், கடை முதலாளியின் இடுப்பிலிருந்து பறிப்பது எவ்வளவு நேரம்? பறித்தவன் கைக்கு வருவது ஏற்றிய துப்பாக்கியாக இருந்தால், உடையவருக்கு ஒரு நொடி அவகாசமும் மிச்சமிருக்காது.

நான்காவது வாதத்தைப் பேச நாம் தயங்குகிறோம். பேசியே ஆக வேண்டும். தோட்டப்புறக் குடும்பங்களுக்குக் களைக்கொல்லி மருந்தின் வரலாறு தெரியும். ஸ்டோரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பாராகுவாட், ஒரு மாலைச் சண்டையை, ஒரு இரவு அவமானத்தை, திரும்பி வர முடியாத சாவாக மாற்றிய வீடுகள் எத்தனையோ. மலேசியா 2002இல் அதைத் தடை செய்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முற்றாக விலக்கியது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்த பிறகு தற்கொலை விகிதம் பெருமளவு இறங்கியது. மனம் உடைந்த அந்தச் சில நிமிடங்களில் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது என்பதைத் தமிழர் வாழும் இரண்டு நாடுகளின் அனுபவம் சொல்கிறது. ஏற்றிய கைத்துப்பாக்கி களைக்கொல்லியைவிட வேகமானது.

மலேசியச் சட்டம் சொல்வது

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல் துறைத் தலைவருக்கு உரியது. பேராக்கில் அந்த முடிவு ஈப்போவில் எடுக்கப்படுகிறது. உரிமம் ஒரு சலுகை. அமெரிக்கர்கள் சொல்வதுபோல் அரசியல் சாசனம் தந்த உரிமை நமக்குக் கிடையாது. உரிமமின்றி வைத்திருந்தால் ஆயுதச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் வழக்கு போனால், சட்டவிரோதமாக வைத்திருந்ததற்கே 14 ஆண்டு வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாத தண்டனையும் உண்டு.

கொள்ளை போன்ற குற்றத்தின்போது ஆளைக் கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்கோடு துப்பாக்கியால் சுட்டால் முன்பு மரண தண்டனை கட்டாயம். 2023 ஜூலை 4 முதல் நீதிபதிக்குத் தேர்வு உண்டு: மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு 12 பிரம்படிக்குக் குறையாத தண்டனை. கூடப் போனவனும் தப்ப முடியாது. தடுக்கத் தன்னால் இயன்றதையெல்லாம் செய்தேன் என்று அவனே நிரூபிக்க வேண்டும். நண்பன் கூப்பிட்டான் என்று காரில் ஏறும் நம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் விளக்கிச் சொல்ல வேண்டிய சட்டம் இது.

உரிமம் பெற்றவர் தற்காப்புக்காகச் சுட்டாலும் கேள்விகள் முடிவதில்லை. குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையை ஏற்கின்றன. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு விளைவிக்கக் கூடாது. காவல் துறையை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை எழாது. ஓடும் கொள்ளையனின் முதுகில் சுட்டவர் தற்காப்பு என்று வாதாடுவது எளிதல்ல. குண்டு குறி தவறினால் பக்கத்தில் நிற்பவருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 14 அன்று கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தில் மனைவியைக் குறிவைத்து ஒருவன் சுட்டபோது, குண்டு பட்டது மெய்க்காவலர் மேல். கூட்டத்தில் குண்டு யாரைத் தேடிப் போகும் என்பது சுடுபவர் கையில் இல்லை.

இன்று யார் கையில்?

ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடை வாசலை நினைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் வயதான காவலாளி. மடியில் பம்ப் கன். மதிய வெயிலில் கண் சொக்கும் நேரம். நம் நகரங்களில் பொதுமக்கள் அருகிலிருந்து பார்க்கும் ஆயுதம் பெரும்பாலும் அதுதான். அதன் குண்டறையில் தோட்டா இருக்கிறதா, கடைசியாக அவர் எப்போது சுட்டுப் பழகினார் என்று அந்த வாசலைத் தாண்டும் யாரும் கேட்பதில்லை. 2013 அக்டோபர் 23 அன்று சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக் கிளையில், காவலுக்கு நின்றவனே பெண் அதிகாரியைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினான். அவனுடைய அடையாள அட்டையே போலி என்று பின்னர் தெரிந்தது. அந்த இடத்தில் தவறியது ஆயுதத்தைக் கொடுக்கும் முன் ஆளைச் சோதிக்கும் முறை.

இன்னொரு பக்கம் குண்டர் கும்பல்கள். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்று சொன்னது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபோது, வீடும் வேலையும் இழந்து நகர ஓரங்களில் ஒதுங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் நிறைய இருக்கிறார்கள். அந்த இழப்பைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். அது எட்டாத இடங்களில் கும்பல் எட்டியது.

அதே 2013 ஜூலை 27 அன்று, பகாவ் நகரில் குற்றக் கண்காணிப்பு அமைப்பான மைவாட்சின் தலைவர் ஆர். ஸ்ரீ சஞ்சீவன் காரில் இருந்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். படுகாயத்தோடு பிழைத்தார். போக்குவரத்து விளக்கில் நின்ற காருக்குள் இருப்பவர் துப்பாக்கி வைத்திருந்தாலும், அது ஏற்றியிருந்தாலும், அந்தத் தாக்குதலில் என்ன செய்திருக்க முடியும்? 1948இல் எல்பில் தோட்டத்தில் எழுந்த கேள்வியே இங்கும் எழுகிறது. தாக்குபவன் முதல் நொடியைத் தன் வசம் வைத்திருக்கிறான். குண்டறைத் தோட்டா மிச்சப்படுத்தித் தருவது அரை வினாடி. கொலை நோக்கோடு வருபவன் அந்த அரை வினாடியைக்கூட விட்டுவைப்பதில்லை.

எடை போட்டால்

இரு தரப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, விடை மூன்று வகையினருக்கு மூன்று விதமாக அமைகிறது.

சீருடையில் கடமைக்காகத் துப்பாக்கி தரிப்பவர்களுக்கு, நவீன பிஸ்டலும் விசையை மூடும் கெட்டியான உறையும் தொடர்ந்த சுடுபயிற்சியும் இருந்தால், குண்டறையில் தோட்டா இருப்பதே சரி. ஆபத்தை நோக்கிப் போவது அவர்கள் வேலை. ஒரு கை எப்போதும் வேறு எதிலாவது ஈடுபட்டிருக்கும். பேர்பேர்ன் காலத்து அச்சம் இன்றைய கருவிகளுக்கு அதே அளவில் பொருந்தாது. மூன்று நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் காலிக் குண்டறைதான் பாதுகாப்பு. ஆண்டுக்கு ஒருமுறை பெயருக்குச் சுட்டுப் பார்க்கும் காவலாளியிடம் ஏற்றிய ஆயுதத்தைக் கொடுத்து நகைக்கடை வாசலில் உட்கார வைப்பது வாடிக்கையாளருக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து. அவருக்குப் பயிற்சி கொடுக்கும் செலவை நிறுவனங்களும் கடைக்காரர்களும் ஏற்க வேண்டும்.

ஏற்கனவே உரிமம் பெற்று வைத்திருக்கும் சிலருக்கு ஒன்று சொல்லலாம். ஏற்றி வைப்பதும் காலியாக வைப்பதும் பாதி முடிவுதான். வெளியே கிளம்பும்போது ஒருமுறை ஏற்றி, வீடு வந்ததும் ஒருமுறை இறக்கி, இடையில் தொடாமல், இரவில் பெட்டகத்தில் பூட்டி, சாவியைத் தன் வசமே வைத்துக்கொள்ளும் ஒழுக்கம் நாள் தவறாமல் இருக்குமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ கார் டேஷ்போர்டிலோ உறையில்லாமல் வைப்பவருக்கு ஏற்றிய துப்பாக்கி கூடவே கூடாது. அந்த ஒழுக்கத்துக்கு உறுதி சொல்ல முடியாதவர் உரிமத்தை ஒப்படைத்துவிடுவது நல்லது.

மற்ற எல்லாருக்கும், அதாவது நம்மில் ஏறத்தாழ அனைவருக்கும், பேராக்கின் வரலாறு தரும் விடை தெளிவானது: துப்பாக்கியே வேண்டாம். குண்டறைத் தோட்டா தரும் அரை வினாடி, ஆண்டுக்கணக்கில் வராமலே போகக்கூடிய ஒரு சந்தர்ப்பத்துக்கு. அதற்கான விலையோ தினமும், வீட்டுக்குள், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கொடுக்கப்படுகிறது. அவசரகாலத்தில் உயிர் பிழைத்த தோட்டங்களும் சேர்ந்து நின்றதால்தான் பிழைத்தன. இன்று கொள்ளைக்கு அஞ்சும் தாமான்களில் செய்ய வேண்டியதும் அதுதான். கேட் திறக்கும் முன் தெருவைப் பார்க்கும் பழக்கம், அண்டை வீட்டாரோடு சேர்ந்த இரவுக் காவல், பணத்தை ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒரே வழியில் கொண்டுபோகாத முன்யோசனை, வட்டாரக் காவல் நிலையத்திடம் ரோந்து கேட்டு விடாமல் நெருக்கும் குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றில் தொடங்கலாம். கணபதியைத் தூக்கிலிட்ட சட்டத்தின் வாரிசுகள் இன்னும் நடைமுறையில் இருக்கும் நாட்டில், ஒரு தமிழ் இளைஞனின் இடுப்பில் பிஸ்டல் ஏறுவது அவனைக் காக்கும் என்று யார் சொன்னாலும், பெற்றோரும் ஆசிரியரும் சமூகத் தலைவர்களும் அதை மறுத்து உரக்கப் பேச வேண்டும்.